ஒன்பதிலிருந்து இரண்டுக்கு

சென்னையில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்குத் தோழி ஒருத்திக்குத் துணையாகப் போயிருந்தேன். முதல் நாள் மதியம், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைப் பயிற்சியாளர் மேடைக்கு அழைத்தார். "அந்தச் சம்பவத்த நெனச்சுக்குங்க. பத்துக்கு எத்தன வலிக்குது?" என்றார். "ஒன்பது" என்றார் அந்தப் பெண். கண்ணை மூடச் சொன்னார். மனதில் தெரியும் காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கி, சின்னதாக்கி, தூரத்தில் தள்ளச் சொன்னார். புருவ ஓரத்திலும் கன்னத்து எலும்பிலும் விரலால் தட்டச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து, "இப்ப எத்தன?" என்றார். அந்தப் பெண் கண்ணைத் திறந்து அரங்கை ஒருமுறை பார்த்தார். "ரெண்டு." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

என்ன சம்பவம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் சிறப்பு என்று பயிற்சியாளர் விளக்கினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த இடத்தில்தான்.

மனக்காயம் என்பது தோலுக்கடியில் தங்கிப்போன முள் மாதிரி, இடம் தெரிந்த ஒருவர் நெம்பி எடுத்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவார் என்ற நம்பிக்கை நம்மிடையே வேகமாகப் பரவியிருக்கிறது. படித்தவர்களிடம்தான் அதிகம். விரலால் தட்டும் டேப்பிங், மனக்காட்சியை மாற்றும் என்.எல்.பி., ஒரே அமர்வு ஹிப்னாடிசம், வாரக்கடைசி 'இன்னர் சைல்டு' முகாம் என்று பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது இந்த முள் கதைதான். இது தவறு என்பதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே அடிபட்டவரை இன்னொரு முறை அடிக்கிறது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கதை பிறந்த இடம் தெரியும். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசப் பிராயர் என்ற மருத்துவர், சாகக் கிடந்த தந்தையைக் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். கை மரத்துப்போவது, பார்வை கலங்குவது, தாய்மொழியே மறந்துபோவது என்று அவளுக்கு ஏகப்பட்ட தொல்லைகள். ஒரு கோடையில் ஆறு வாரம் தண்ணீர் குடிக்க முடியாமல் பழத்தைத் தின்றே நாளை ஓட்டினாள். ஹிப்னாடிச நிலையில் ஒருநாள், தனக்குத் துணையாக இருந்த பெண்மணியின் நாய் கண்ணாடித் தம்ளரில் வாய்வைத்துக் குடித்ததைப் பார்த்து அருவருத்ததையும் மரியாதை கருதி வாயை மூடிக்கொண்டதையும் கோபத்தோடு சொல்லித் தீர்த்தாள். உடனே தண்ணீர் கேட்டாள், குடித்தாள், தொல்லை போய்விட்டது. மூலக்காரணத்தைப் பிடி, கொட்டச் சொல், நோய் போய்விடும். இன்றைய பயிலரங்குகளில் 'ரூட் காஸ்' என்று ஓதப்படுவது எல்லாம் அந்தத் தம்ளரிலிருந்து வந்ததுதான்.

1895-இல் பிராயரும் ஃப்ராய்டும் வெளியிட்ட நூலில் அவள் 'அன்னா ஓ.' என்ற பெயரில், குணமானவளாக இடம்பெற்றாள். நடந்தது வேறு. 1882 ஜூனில் பிராயரின் சிகிச்சை முடிந்தது. அடுத்த மாதமே அவள் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கனில் உள்ள மனநல விடுதியில் சேர்க்கப்பட்டாள், அதுவும் மார்பின் பழக்கத்தோடு. அதன்பின் சில ஆண்டுகள் விடுதிகளுக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தாள். அந்த விடுதியின் பழைய ஆவணங்களை அறிஞர் ஆன்றி எலன்பெர்கர் தேடிக் கண்டுபிடித்து வெளியிட்ட 1972 வரை, முதல் 'பேச்சு வைத்தியம்' பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது.

அவளுடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1888-இல் பிராங்பர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். அனாதைப் பெண்களுக்கான இல்லத்தில் வேலை பார்த்தார், எழுதினார், பெண்களைக் கடத்தி விற்பதை எதிர்த்து ஊர் ஊராக அலைந்தார். 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1907-இல் நோய்-ஈசன்பர்கில், கைவிடப்பட்ட இளம்பெண்களுக்கும் மணமாகாத தாய்மார்களுக்கும் ஓர் இல்லம் தொடங்கினார். அவரைக் குணப்படுத்தியது இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நோயாளியின் படுக்கையருகே வாய்மூடி உட்கார்ந்திருந்த பெண், வாய் திறந்து பேசும் பெண்ணாகத் தன்னை உருவாக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார் என்பது கண்முன்னே தெரிகிறது. ஒரு தம்ளர் தண்ணீரால் வந்த மாற்றம் இல்லை அது.

அந்தத் தம்ளர் கதை சாகவே இல்லை, அமெரிக்காவில் புது உருவம் எடுத்தது. ரோஜர் கலகன் என்ற உளவியலாளர், தண்ணீரைக் கண்டு பயந்த ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கீழே விரலால் தட்டியதும் பயம் பறந்துவிட்டது என்றார். 1985-இல் ஐந்து நிமிடத்தில் பயத்தைப் போக்குவது பற்றி நூலே எழுதினார். அந்த மரத்தின் கிளைகள்தான் இன்று நம் ஊர் அரங்குகளில் நடக்கும் தட்டல்கள்.

வலி குறைவது பொய்யா என்றால், இல்லை. பெரும்பாலும் உண்மையாகவே குறைகிறது. ஒரு காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டே கண்ணை இடமும் வலமுமாக ஆட்டினாலோ, கணக்குப் போட்டாலோ அந்தக் காட்சி மங்கும். நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹௌட்டும் அவர் சகாக்களும் இதை ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். மனதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு சுமையைத் தூக்க இடம் போதாது, அவ்வளவே. பதற்றத்தை இப்படி எண்ணில் கேட்கும் வழக்கத்தை உருவாக்கியவர் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர். பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கும் நீண்ட சிகிச்சையில், இந்த நொடியில் பதற்றம் எவ்வளவு என்று மருத்துவரும் நோயாளியும் தெரிந்துகொள்வதற்கான அளவுகோல் அது. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் மாதிரி. பாராசிட்டமால் போட்டதும் பாதரசம் இறங்கிவிட்டது என்று டைஃபாய்டு நோயாளியை எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிற மருத்துவரை நாம் சும்மா விடுவோமா?

வேகம் சில சமயம் தீங்கே செய்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. தீயணைப்புத் துறையில் பணியாற்றிய அனுபவமுள்ள ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் ஒரு முறையை முன்வைத்தார். விபத்து நடந்த ஓரிரு நாளில் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, நடந்ததையும் பட்டதையும் ஒரே அமர்வில் பேசவைத்துவிட்டால் பின்னால் மனநோய் வராது என்ற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் ஜொனாதன் பிசன் குழுவினர் தீக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். பதின்மூன்று மாதம் கழித்து, அந்த அமர்வில் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். முதல் குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வு 2000-இல் வந்தபோது சந்தேகம் வலுத்தது. ஆரம்பத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில், அமர்வில் உட்காரவைக்கப்படாதவர்கள் தாமாகவே தேறியிருந்தார்கள். உட்காரவைக்கப்பட்டவர்கள் கலங்கியபடியே இருந்தார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைச் செய்யாதீர்கள் என்று வழிகாட்டியது. மனதுக்கென்று ஒரு நிதானம் இருக்கிறது, அதைப் பிடித்து உலுக்கினால் அது குழம்பிப்போகிறது என்பதாகவே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறதே, அஞ்சும் நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ள உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறை சில வாரங்களிலேயே பலன் தருகிறதே என்பார்கள். ஏற்கிறேன். பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் பத்துப் பதினைந்து அமர்வில் ராத்தூக்கம் திரும்பிய பலர் இருக்கிறார்கள், அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஈ.எம்.டி.ஆரின் கதையையே பாருங்கள். அதை உருவாக்கிய பிரான்சின் ஷாப்பிரோ 1989-இல் எழுதிய முதல் கட்டுரை, 22 பேருக்கு ஒரே அமர்வில் கிடைத்த பலனைப் பேசியது. இன்று அந்தச் சிகிச்சை எட்டுக் கட்டங்கள் கொண்டது. ஆளின் வாழ்க்கைக் கதையைக் கேட்பதும், தாங்கும் வலுவைத் தயார்செய்வதும் முதல் இரண்டு கட்டங்கள். கண்ணசைவு அதற்குப் பிறகே. சிகிச்சையே நிதானம் கற்றுக்கொண்டது. நம் அரங்குகள் முதல் கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்குகின்றன.

இதற்கு மாற்றாக நான் சொல்வது, காயம்பட்டவர் தன்னைத் தானே கண்டடைவதை. அது வருடக்கணக்கில் பழசைக் கிளறுவது அன்று. கிளறலும் கேடுதான். 1990களில் அமெரிக்காவில் 'புதைந்த நினைவு' தேடிய சிலர், நடக்காத கொடுமைகளை நோயாளிகள் மனதில் விதைத்துக் குடும்பங்களை உடைத்தார்கள். நான் சொல்வது வேறு. சுனாமியில் பிள்ளையின் கை நழுவிப்போன ஒரு தாயை நினைத்துப்பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தாயை வதைப்பது அலையின் காட்சி மட்டுமா? "நான் விட்டுட்டேனே" என்ற வாக்கியம். காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கலாம், வாக்கியத்துக்கு நிறம் கிடையாது. தான் விடவில்லை, தண்ணீர் பிடுங்கியது என்பதை அவளுக்கு நூறு பேர் சொல்லலாம், சொல்லவும் செய்திருப்பார்கள். அவள் அதை என்றைக்கோ ஒருநாள், மீன் அரிந்துகொண்டிருக்கும்போதோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தலைவாரும்போதோ, தானாக உணர வேண்டும். அந்த நாள் வரும்வரை அவளுக்குப் பாதுகாப்பான கூரையும் காதுகொடுக்கும் ஓர் ஆளும் வேண்டும். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் மீள்வதன் வரிசையை இப்படித்தான் வைத்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்தல். அவளுடைய கண்டுபிடிப்பை வேறொருவர் அவளுக்குச் செய்துதர முடியாது. பக்கத்தில் இருக்கலாம்.

நம் மக்கள் ஏன் இந்த அவசர வைத்தியத்தில் இவ்வளவு சுலபமாக விழுகிறார்கள்? "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்பது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் வைத்தியம். மாமா ஒருவர் தொட்டதைச் சொல்லவந்த சிறுமிக்கும், அடிக்கும் புருஷனைவிட்டு வந்த அக்காவுக்கும் நாம் முதலில் கொடுக்கும் மருந்து அதுதான். பயிலரங்கு அதே மருந்தைப் புதுப் புட்டியில், கட்டணத்தோடு கொடுக்கிறது. 'என்ன நடந்தது' என்று கேட்காமலே குணப்படுத்தும் முறை குடும்பத்துக்கு எவ்வளவு வசதி! யார் பெயரும் வெளியே வராது.

சாவு விஷயத்தில் மட்டும் நம் முன்னோர் இந்த அவசரத்தைக் காட்டவில்லை. மாரடித்து ஒப்பாரி வைக்க ஊரே கூடியது. பதினாறாம் நாள் கருமாதி, ஒரு வருடம் அந்த வீட்டில் பண்டிகை இல்லை, ஆண்டுதோறும் திவசம். யாழ்ப்பாணத்தில் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. எல்லாவற்றையும் நான் புனிதமாக்கவில்லை, விதவைகளை அந்தச் சடங்குகள் படுத்திய பாட்டை அறிவேன். ஆனாலும் துக்கத்துக்கு நாள் கணக்கு வேண்டும், பார்க்க ஆள் வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த நாள் கணக்கும் இல்லை. இலங்கையில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகப் படங்களோடு உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று போராட்டம் பரவி ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளை எங்கே என்று தெரியாமலே அந்தப் பெற்றோரில் பலர் கண்மூடிவிட்டார்கள். இழப்பா இல்லையா என்றே உறுதியாகாத இந்த நிலையை அமெரிக்கக் குடும்பச் சிகிச்சை அறிஞர் பாலின் பாஸ் 1970களிலிருந்து ஆராய்ந்துவந்தார். இதற்கு முடிவு தேடாதீர்கள், முடிவில்லாமையோடு வாழும் வலுவைத் தேடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் பிடிக்கிறது என்று தொடர்ந்து எழுதினார். நீதி கேட்கும் தாயின் நெஞ்சில் இருப்பதை நோய் என்று அழைத்து, அதைத் தட்டி இறக்க நினைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அவள் பதற்றத்துக்குக் காரணம் அவள் தலைக்குள் இல்லை.

இந்த வியாபாரத்தில் மிகக் கொடியது கடைசியில்தான் வருகிறது. பயிலரங்கின் இரண்டாம் நாள் காலை ஓர் இளைஞர் எழுந்து, நேற்று இரவு மறுபடி எல்லாம் வந்துவிட்டது என்றார். பயிற்சியாளர் சிரித்தபடி, "நீங்க அத விடத் தயாரா இல்ல. வலிய பிடிச்சு வெச்சிருக்கிறது நீங்கதான்" என்றார். அந்தப் பையன் உட்கார்ந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. சின்ன வயதில் எவரோ செய்த குற்றத்துக்குத் தன்னையே பழித்துக்கொண்டு வளர்ந்தவனாக இருந்திருக்கலாம். இப்போது குணமாகாததற்கும் அவனே குற்றவாளி. மருந்து வேலை செய்யாவிட்டால் நோயாளியைத் திட்டும் வைத்தியம் உலகில் வேறு எதுவும் உண்டா? நம் ஊரில் முறையான மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். 'ஹீலர்' என்று பலகை மாட்ட ஒன்றும் வேண்டாம். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இலவசமாக இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்த அரங்கில் இருந்த எத்தனை பேருக்கு அது தெரியும் என்று யோசித்தேன்.

முதல் நாள் மேடையேறிய அந்தப் பெண்ணை அன்று மாலையே ஓட்டலின் பின்படிக்கட்டில் பார்த்தேன். சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வேணாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அவ்ளோ பேர் பாத்துட்டிருக்கறப்ப ஒன்பதுன்னு எப்படிங்க சொல்றது?" படிக்கட்டில் உட்கார்ந்தோம். எத்தனை என்று நான் கேட்கவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை, சொல்ல நினைத்தால் இங்கேதான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உள்ளே மறுபடி கைதட்டல் கேட்டது. வெகுநேரம் கழித்து, "எங்க ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.