பட்டமும் பொதுத்துறையின் கரமும்

கல்லூரியைப் பாதியில் விட்டவர்களே தொழிலில் வெல்வார்கள் என்று முதலாளித்துவ ஊடகங்கள் ஓயாது முழங்குகின்றன. திருவனந்தபுரம் தரும் பாடம் வேறு.

பாதாளச் சாக்கடைக் குழிகளைத் தூய்மை செய்யும் ‘பேண்டிகூட்’ ரோபோ 2018 பிப்ரவரியில் இந்நகரில் பணியைத் தொடங்கியது. அதை உருவாக்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள், குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற இளைஞர்கள். அறிவையும் கூட்டாளிகளையும் கல்லூரி தந்தது. ஆயினும், பட்டம் மட்டும் அவர்களைக் கரைசேர்க்கவில்லை. மாநில அரசின் ஸ்டார்ட்அப் மிஷன் கைகொடுத்தது. அரசின் குடிநீர் வாரியம் இயந்திரத்தைக் களத்தில் இறக்கியது. அதை இயக்கத் தூய்மைப் பணியாளர்களே பயிற்சி பெற்றனர்.

ஆனால், 2024 ஜூலையில் இதே நகரின் ஆமையிழஞ்சான் ஓடையில், ரயில் நிலையப் பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி உயிரிழந்தார். அவரது உடலைத் தேடத்தான் ரோபோக்கள் வந்தன.

மலக்குழிப் பணியில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே இயற்றப்பட்டது. எனினும், ஒப்பந்த முறையில் இயந்திரத்தைவிட மனித உயிர் மலிவாகவே இருக்கிறது. படித்த இளைஞரின் கண்டுபிடிப்பு தொழிலாளியைக் காக்க வேண்டுமெனில், உயர்கல்விக்குப் பொது நிதியும், அரசுத் துறைகளின் கட்டாயக் கொள்முதலும், ஒப்பந்த முறை ஒழிப்பும் சேர்ந்தே வேண்டும். அதற்காகப் போராடுவது நமது கடமை.