வசதி வந்துவிட்டால் பாடக்கூடாதா?

2005இல் குழந்தைகளுக்கான நகைச்சுவைப் படத்தில் நடித்தவர் ஐஸ் கியூப். அடுத்த ஆண்டே ‘லாஃப் நவ், க்ரை லேட்டர்’ ஆல்பத்தோடு கேங்ஸ்டா ராப்புக்குத் திரும்பினார். பணக்கார நடிகருக்கு இனி எதற்குத் தெருப்பாட்டு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே கோளாறானது. தென்மத்திய லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின இளைஞராக வளர்ந்தவருக்கு, வங்கிக் கணக்கு நிரம்பியதும் போலீசின் முகம் மறந்துவிடுமா? துப்பறியும் நாவல் எழுதுபவரிடம் எத்தனை கொலை செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லையே!

1989இல் பணப்பங்கீட்டுத் தகராறில் என்.டபிள்யூ.ஏ. குழுவைவிட்டு வெளியேறியவர் அவர். இந்த ஆல்பத்தைத் தன் சொந்த லேபிளான லென்ச் மாப் மூலம் வெளியிட்டார். தன் உழைப்பின் கணக்கைத் தானே வைத்துக்கொள்வது விலைபோவதல்ல. ‘வொய் வீ தக்ஸ்’ பாடலில், தெருவுக்குத் துப்பாக்கியும் போதைப்பொருளும் யாரால் வந்தன என்று ஆள்பவர்களை நோக்கி விரல் நீட்டுகிறார். ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தக் கூர்மை காணாமல் போகிறது. இருபது வயதில் பாடிய அதே வசவுகள். ‘தெருவின் மொழி’ என்று நம் நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அதே தெருவில் அதே போலீசுக்குப் பயந்து வளர்ந்த பெண்களும் இதைக் கேட்கிறார்கள் என்பது முப்பத்தாறு வயதிலும் அவருக்கு உறைக்கவில்லை.