பச்சையைப் பழிப்போர்க்கு

மறைந்த தாயின் பெயரை முன்கையிற் பச்சை குத்திக்கொண்டு வரும் இளைஞனைக் கண்டால், தமிழாசிரியர் பலர்க்குச் சினம் மூளுகிறது. "இது தமிழர் பண்பாடன்று, குண்டர் கும்பலின் அடையாளம்" என்று ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிடுகின்றனர்.

இவர்கள் தம் பாட்டியரின் கைகளை மறந்துவிட்டனர் போலும்! மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய அக்கைகளில் கோலமும் புள்ளியும் பச்சையாய்ப் படர்ந்திருந்தன. தமிழகத்தில் ஊர்தோறும் சென்று பச்சை குத்தியவர் குறவர் குலப் பெண்டிர். 1906இல் வெளியான தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் இதனைக் குறித்து வைத்துள்ளார். மஞ்சளும் அகத்தியிலையும் சேர்ந்த திரியை எரித்துப் பிடித்த கரியே அன்றைய மை. பொன்னும் பொருளும் இங்கேயே தங்கிவிடும், பச்சை ஒன்றே உடன் வரும் என்பது அம்மூதாட்டியரின் நம்பிக்கை.

பண்பாடு பேசுவோர் நடுகல்லையும் நினைக்கவேண்டும். மாண்டார்க்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள் எனத் தொடங்கி வகுக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட நடுகற்களில் பழந்தமிழ் எழுத்துகள் உள்ளன. அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்து, அன்னையின் சாம்பலைக் கடலிற் கரைத்துவிட்ட மகன் எங்கே கல் நடுவான்? சென்று நிற்க அவனுக்கு ஒரு கல்லறையும் இல்லை. எஞ்சியிருப்பது அவன் உடம்பு ஒன்றே.

ஊசியின் தூய்மை, குத்திக்கொள்வோனின் வயது ஆகியவை பற்றிய கவலை நியாயமானது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் ஆசிரியர் சினக்கவேண்டிய இடம் வேறு. வள்ளியம்மை என்னும் பெயர் வல்லியம்மை ஆகிறது. பொன்னம்மாளைத் தமிழறியாக் கடைக்காரர் கணினியில் ஒட்டும்போது, சில மென்பொருள்களில் முன்னிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு பகரத்தின் பின்னே போய் நிற்கிறது. அதுவே படியெடுக்கப்பட்டுத் தோலில் ஏறுகிறது. தோலுக்குள் சென்ற மையை உயிரணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓரணு மடிந்தால் அது விட்ட மையை அடுத்த அணு ஏற்றுக்கொள்கிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடத்துக் கண்டனர். பிழையும் அவ்வாறே கைமாறிக் கைமாறி நிலைக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பச்சையில் எழுத்தில்லை. ஆகவே பிழையும் இல்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்ற பேரனோ, தாயின் பெயரில் லகரமா ளகரமா என்று துணிய மாட்டாமல் நிற்கிறான். துணியமுடியாதவன் சிலவேளை பழைய ஆசிரியரைத் தேடி வருவதுமுண்டு. ஒரு தாளில் அப்பெயரைத் திருத்தமாய் எழுதித் தருமாறு கேட்பதற்கு. அவனுக்குப் பண்பாட்டு அறிவுரை வழங்கி, தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தவர் யார்?