இடம் மாறிய ஆறு ஸ்பூன்

சகோதரிகளே, இந்தத் தடவை சமையலும் இல்லை, தையலும் இல்லை. நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் இலத்தூருக்கும் குளிர்காற்று வரும், கூடவே ஈயும் வரும். போன சீசனில் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எங்கள் மகளிர் குழுவில் மாதம் ஒரு செய்தி மடல் போடுகிறோம். ஒரே தாள், இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி. கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. அந்த மாதம் உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றிப் போட்டோம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்காக சர்க்கரைக்குப் பக்கத்தில் ஆறு ஸ்பூன் படம், உப்புக்குப் பக்கத்தில் அரை ஸ்பூன் படம்.

எல்லாம் முடிந்த பிறகு, 'வாழ்த்துரை நீளமாயிருக்கே' என்று அதில் மூன்று வரியை வெட்டினேன். திரும்பப் பார்க்கவில்லை. இருபது பிரதி எடுத்துக் கொடுத்தும் ஆயிற்று.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். எழுத்துக்கூட்டித் தலைப்பு மட்டும்தான் படிப்பாள். "மதினி, உப்பு ஆறு ஸ்பூனா? பிள்ளைக்குத் தொண்டை எரியாதா?" என்றாள்.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வாழ்த்துரை குறைந்ததும் சர்க்கரைப் பாரா முதல் பத்தியின் அடிக்குப் போயிருக்கிறது. உப்புப் பாரா இரண்டாம் பத்தியின் தலைக்கு ஏறிவிட்டது. படங்கள் மட்டும் நான் வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன! அதிக உப்பு சின்னக் குழந்தையின் ரத்தத்தில் ஏறினால் வலிப்புகூட வரும். 1971-ல் வங்காள எல்லை அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலைக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அளவு சரியாக இருந்தால்தான் அது மருந்து. தூறலில் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போய் இருபது தாளையும் திரும்ப வாங்கினேன். நல்ல காலம், யாரும் கலக்கவில்லை.

அந்தக் காலத்து அச்சாபீஸில் இந்தத் தொல்லை கிடையாது. படத்தை பிளாக் எடுத்து, மரக்கட்டையில் அடித்து, எழுத்துக்களோடு இரும்புச் சட்டத்தில் வைத்து முடுக்கிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் எழுத்து தண்ணீர் மாதிரி. மேலே ஒரு வரி குறைந்தால் கீழே எல்லாம் நகரும்.

படம் நகருமா நகராதா என்பது அதை எதோடு கட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இடுப்பில் இருக்கிற பிள்ளை அம்மா போகிற இடமெல்லாம் போகும். தொட்டிலில் போட்ட பிள்ளை அங்கேயே கிடக்கும். நான் சர்க்கரைப் படத்தைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அம்மாவை வேறு அறைக்கு அனுப்பிவிட்டேன்!

மடலின் பெயர், முத்திரை இதற்கெல்லாம் தொட்டில்தான் சரி. லிப்ரே ஆபீஸ் வைத்திருந்தால் படத்தின் மேல் வலது க்ளிக் செய்து, ஆங்கர் என்பதில் 'டு பேஜ்' கொடுங்கள். வேர்டில் 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்'. ஆனால் வேர்டில் ஒரு சூட்சுமம்: அப்படி நிறுத்தினாலும் படம் ஏதோ ஒரு பாராவோடு கண்ணுக்குத் தெரியாமல் கட்டுண்டுதான் இருக்கும். அந்தப் பாராவை அழித்தால் படமும் போய்விடும்.

விஷயத்தோடு சேர்ந்த படத்துக்கு இடுப்புதான். லிப்ரேயில் 'ஆஸ் கேரக்டர்', வேர்டில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்'. படம் ஒரு பெரிய எழுத்து மாதிரி வரியோடேயே போகும். பத்தியைவிட அகலமாக மட்டும் இருக்கக்கூடாது. ஏ4 தாளில் மூன்று பத்தி என்றால் ஒன்றுக்கு ஐந்தரை சென்டிமீட்டர்தான் தேறும். வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்திருந்தால், படம் ஒரு கீற்றாக வெட்டுப்பட்டுத் தெரியும். அதை 'சிங்கிள்' ஆக்கினால் முழுசாக வரும்.

படமும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமானால், எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒரு சின்ன டேபிள். ஒரு வரிசை, இரண்டு கட்டம். இடது கட்டத்தில் ஸ்பூன், வலதில் வாசகம். கோடுகளை மறைத்துவிடுங்கள். 'அலோ ரோ டு பிரேக்' என்று இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் வரிசை பாதியில் உடையாது. போனால் இரண்டும் ஜோடியாகப் போகும். புதுப் பத்தி எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எண்டரைத் தட்டித் தட்டி இறக்குகிற பழக்கம் வேண்டாம். என் வினையே அதில்தான் பாதி.

வீட்டில் லதா எழுத்தில் அடித்ததைத் தென்காசியில் கொண்டுபோய், அந்த எழுத்து இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தாலும் எல்லாம் நகரும். பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோனால் அந்தக் கவலை இல்லை.

திருத்தின தாளை முதலில் எதிர்வீட்டுப் பெண்ணிடம்தான் கொடுத்தேன். வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"இப்ப சரிதான் மதினி. ஆனா இந்த ஸ்பூனு எங்க வீட்டுக் குழம்புக் கரண்டி மாதிரில்லா இருக்கு?"

மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஸ்பூனுக்குப் பக்கத்தில் ஒரு காபி டம்ளரையும் போட்டேன், அளவு தெரியட்டும் என்று. டேபிள் கட்டத்துக்குள் இருந்ததால் எதுவும் நகரவில்லை.