ஆமா போட ஆள் வேண்டாமா?

போன மாதம் புதுக்கடையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். "மாமா, இதக் கேளுங்க" என்று ஒரு எண்ணை அமுக்கி நாலு சுரம் வாசித்தான். மணியைத் தண்ணிக்குள்ளே தட்டின மாதிரி ஒரு சத்தம்.

"12-ம் நம்பர். வைப்ரஃபோனாம். ஒறிஜினல் எங்க இருக்கும் மாமா? யாரு சொல்லித் தருவாங்க?"

எனக்கு முன்னால் அத்தான் பதில் சொல்லிவிட்டார். "மொதல்ல எட்டாவது கிரேடு பாஸாவட்டும். சர்ட்டிபிகேட்டு கையில இருந்தா எதுக்காவது ஆவும். இதப் படிச்சு என்னத்துக்கு?"

நான் பி.காம். படித்தவன். வரவு செலவுக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் அத்தான் போட்ட கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டில் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால்தான் இந்தப் புலம்பல்.

வைப்ரஃபோன் என்பது ஒன்றும் மாயமில்லை. பியானோக் கட்டைகளைப் போல அடுக்கிய உலோகப் பட்டைகள், பொதுவாக 37. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் மோட்டாரில் சுழலும் சின்னத் தகடு. அது திறந்து மூடும்போதுதான் அந்த நடுக்கம் வருகிறது. காலால் மிதிக்கப் பெடல். கையில் நூல் சுற்றிய குச்சிகள். 1920-களில் அமெரிக்காவில் பிறந்தது. விலை லட்சக்கணக்கில்.

"பாத்தியா, லட்சம்!" என்று அத்தான் துள்ளுவார். வாத்தியம் இல்லாதது பெரிய பிரச்னையே இல்லை, அத்தான். கூட வாசிக்க ஆள் இல்லாததுதான் பிரச்னை.

லயனல் ஹாம்ப்டன் அடிப்படையில் ஒரு டிரம்ஸ்காரர். 1930-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒலிப்பதிவுக்குப் போன இடத்தில் வைப்ரஃபோனை வாசித்தார். ஜாஸில் அந்த வாத்தியத்துக்கு வாழ்வு வந்தது. 1936-ல் பென்னி குட்மன் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வெள்ளையர், இரண்டு கறுப்பர். நிறத்தால் ஊரே பிரிந்துகிடந்த காலத்தில் நாலு பேரும் ஒன்றாக வாசித்தார்கள். பக்கத்தில் இருக்கிறவன் என்ன வாசிக்கிறான் என்று கேட்டு, அதற்குப் பதில் வாசிப்பதுதான் ஜாஸ். தனியறையில் அது நடக்காது.

"கேரி பர்ட்டன் தானாகவே கத்துக்கிட்டவராச்சே?" என்று விவரம் தெரிந்த வாசகர் மடக்கலாம். சரிதான். ஆறு வயதில் ஆரம்பித்து பெரும்பாலும் தானாகவே கற்றவர். நாலு குச்சிகளோடு வாசிப்பதில் அவர் பிடிக்கிற பிடிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அவர் புகழ் எதில் நிற்கிறது? பியானோக்காரர் சிக் கொரியாவோடு 1972-ல் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் சேர்ந்து வாசித்ததில். 2013-ல் அதே பர்ட்டன் இணையத்தில் ஜாஸ் வகுப்பும் எடுத்தார். நல்ல விஷயம். ஆனால் திரை உங்களுக்குச் சுரம் சொல்லித் தரும். நீங்கள் தடுமாறினால் தாங்கிப்பிடித்து அடுத்த அடிக்குக் கொண்டுபோகாது.

அமெரிக்கா வரை எதற்கு? ஏ.ஆர்.ரஹ்மானை நம் பெற்றோர்கள் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் இளமையில் சிவமணியோடும் நண்பர்களோடும் 'ரூட்ஸ்' என்ற குழுவில் வாசித்ததை யாராவது சொல்கிறார்களா? ஆஸ்கார் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. கூடி வாசித்த பொழுதுகள் தெரிவதில்லை.

இன்னும் கிட்டே வாருங்கள். குமரி மாவட்டத்தில் கொடை விழா பார்த்தவர்களுக்குத் தெரியும். வில்லுப்பாட்டில் தலைமைக் கலைஞர் இரண்டு வீசுகோல்களால் வில்லின் நாணைத் தட்டுகிறார். மணிகள் சிலுங்குகின்றன. குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை என்று சுற்றிலும் ஆட்கள். அவர் கதையை ஒரு வரி நீட்டினால் பக்கத்திலிருப்பவர் "ஆமா" போடுகிறார். அந்த 'ஆமா' இல்லாவிட்டால் கதை நகராது. இரண்டு குச்சி, ஒரு தலைவர், சமயத்துக்கேற்ப நீட்டல் குறைத்தல், பதில் சொல்லும் கூட்டாளிகள். இந்த மண்ணுக்கு இது அந்நியமா?

இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஒரு கீபோர்டு. பொத்தானை அமுக்கினால் தாளமும் அதுவே, பேஸும் அதுவே. கூட்டாளியே தேவையில்லை. பிறகு ஒரு தேர்வாளர் முன்னால் மூன்று பாட்டு, ஒரு மதிப்பெண், ஒரு சட்டமிட்ட சான்றிதழ். கல்லூரிக்குப் போனதும் கீபோர்டு பரணுக்குப் போகிறது. எங்கள் வீட்டுப் பரணில் என் கிட்டார் இருக்கிறது. ஆறு மாதம் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு கற்றேன். விட்டதற்கு விரல் வலி காரணம் என்று இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். பொய். "நல்லாருக்கே, இன்னொரு தடவை வாசி" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

கேட்பது பெரிய காரியமில்லை. இந்தப் பக்கத்துச் சர்ச்சுகள் பலவற்றில் டிரம்ஸும் கிட்டாரும் கீபோர்டும் வாரத்தில் பாதி நாள் துணி போர்த்திக் கிடக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். எந்த மதத்துப் பிள்ளையும் வரட்டும். தேர்வு வேண்டாம், பரிசு வேண்டாம், மேடை வேண்டாம். பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் கலைஞரை ஒரு நாள் கூப்பிடுங்கள். அவர் வீசுகோலைப் போட, என் மருமகன் 12-ம் நம்பரை அமுக்கிக்கொண்டு பதில் சொல்லட்டும். அசல் வைப்ரஃபோன் பிறகு வரும். வராமலும் போகலாம். காது வந்துவிடும்.

1954 ஆகஸ்ட் 11-ல் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று குரல் கொடுத்துத் துப்பாக்கிக்கு முன்னால் நின்ற ஊர் புதுக்கடை. சேர்ந்து நிற்பதைப் பற்றி அந்த ஊருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஞாபகப்படுத்தத்தான் முடியும்.

கிளம்பும்போது மருமகனிடம், "கூட வாசிக்க உனக்கு யாருடே இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"கீபோர்டுலயே ரிதம் இருக்கே மாமா."

அத்தான் தலையாட்டினார். அந்த வீட்டில் அன்றைக்கு விழுந்த ஒரே 'ஆமா' அதுதான்.