குரலைத் தாழ்த்த வேண்டாம்

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கியபடியே சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிச் சத்தமாகப் பேசுகிறோம். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றதும் குரல் தாழ்கிறது. எச்ஐவி என்றால் பேச்சே நின்றுவிடுகிறது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இப்புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம், பாலுறவில் தொற்றும் எச்பிவி கிருமி. பலருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். எச்ஐவி நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பதால் கிருமி உடலில் தங்கிவிடுகிறது. புற்றுநோய் ஆபத்து 6 மடங்காகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஒழுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டாம். 1986ல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்த சென்னை மருத்துவர் சுனிதி சாலமனிடம் பின்னாளில் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவரைத் தவிர வேறு உறவு அறியாத இல்லத்தரசிகள்.

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயதுவரை 3 ஆண்டுக்கு ஒருமுறை பாப் பரிசோதனை, 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை. எச்ஐவி உள்ளவர்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகளுக்கு 2019 முதல் பள்ளியிலேயே தடுப்பூசி உண்டு. அம்மாவும் அக்காவும் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? இன்றே கேளுங்கள்.