படத்தில் தெரியாத காயம்

2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தை ஈரானிய ஏவுகணைகள் தாக்கியபோது, அமெரிக்க வீரர் எவருக்கும் பாதிப்பில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைக்காயம் கண்டறியப்பட்டது.

லேசான மூளைக்காயம் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் பெரும்பாலும் தெரிவதில்லை. தூக்கமின்மை, எரிச்சல், மறதி ஆகிய அதன் அறிகுறிகள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கும் பொதுவானவை. நரம்பிழைகளைக் காட்டும் புதுவகைப் படங்கள் ஆய்வுக்கு உதவினாலும், தனியொருவரின் நோயை உறுதிசெய்யப் போதா.

எனவே, இந்த ஐயத்தின் விலையை ஏற்பது வீரரா, அரசா? வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்ட தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் விடையளித்தது: பணியில் சேரும்போது பதிவாகாத நோய், பணியால் விளைந்ததாகவே கருதப்படும், மறுப்பவரே நிரூபிக்க வேண்டும்.

வடுகபட்டியிலிருந்து படைக்குச் செல்லும் இளைஞருக்கும் இத்தகைய காப்பு வேண்டும். குறையேதும் காட்டாத ஒரு படத்தைச் சான்றாக்கி அதைப் பறித்துவிடக் கூடாது.